46 வயதில் ஷார்ட்ஹேண்ட்: கோர்ட் ஸ்டெனோ ஆகலாமா?

கேள்வி, 10 ஜூன் 2024

நேற்று குரூப் 4 எழுதினேன். வயது 41, பெரம்பூர். டைப்பிங் லோயர் மட்டும் இருக்கிறது. அமெரிக்காவில் கோர்ட் ரிப்போர்ட்டர் என்று ஒரு வேலை இருக்கிறதாம், நன்றாகச் சம்பாதிக்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இங்கே அப்படி உண்டா? இந்த வயதில் ஷார்ட்ஹேண்ட் மண்டையில் ஏறுமா?

10 ஜூன் 2024, இரவு

ஏறும். ஆனால் படிக்கட்டில்தான் ஏறும், லிஃப்ட் கிடையாது.

எனக்கு 46. தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் 22 வருஷம் ஷிப்பிங் பில் அடித்தவள். முதலாளி கடையைக் கட்டிவிட்டார். ஜனவரியில் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருக்கும் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். கீழே ஜாக்கெட் பிட், மேலே பிட்மன் ஷார்ட்ஹேண்ட்.

அமெரிக்காவை விடுங்கள். அங்கே அநேகமாக யாரும் கையால் எழுதுவதில்லை. ஸ்டெனோடைப் என்று 22 கட்டை உள்ள மிஷின். ஆர்மோனியத்தில் சுரம் சேர்ப்பது மாதிரி நாலைந்து கட்டையைச் சேர்த்து அமுக்கினால் ஒரு அசையோ ஒரு சொல்லோ விழும். சான்றிதழ் பரீட்சைக்கு நிமிஷத்துக்கு 225 வார்த்தை. நமக்குப் பென்சிலும் நோட்டும்தான். தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் பரீட்சை. இங்கிலீஷ் ஜூனியர் 80 வார்த்தை, சீனியர் 120. மற்றபடி கோர்ட்டில் வேலை அதேதான்: வக்கீல் கேட்பதையும் சாட்சி சொல்வதையும் ஒன்று விடாமல் எழுதுவது.

11 ஜூன் 2024

225 என்று மொட்டையாகச் சொல்லிவிட்டேன். அந்த அமெரிக்கச் சான்றிதழ் பரீட்சைக்கு (ஆர்.பி.ஆர். என்பார்கள்) மூன்று பாகம். வாசகப் பகுதி 180, ஜூரிக்கு நீதிபதி சொல்லும் அறிவுரை 200, சாட்சியின் கேள்வி-பதில் 225. ஒவ்வொன்றிலும் 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். இதில் பெருமூச்சு விட ஒன்றுமில்லை, மிஷின் வேறு, பென்சில் வேறு.

வயது பற்றிக் கேட்டீர்கள். ஸ்டெனோ-டைப்பிஸ்ட் இடங்களும் குரூப் 4 வழியாகத்தான் வருகின்றன, நீதி அமைச்சுப் பணியும், அதாவது கோர்ட் ஆபீஸ் வேலையும், அதில் சேர்த்தி. பத்தாவதுக்கு மேல் முறையாகப் படித்திருந்தால் வயது உச்சவரம்பு இல்லை.

11 ஜூன் 2024, பத்து நிமிஷம் கழித்து

எல்லோருக்கும் இல்லை! பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., ஆதரவற்ற விதவைகள், இவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. பொதுப்பிரிவுக்கு வரம்பு உண்டு. அறிவிப்பைப் படிக்காமல் என்னை நம்பி ஃபீஸ் கட்ட வேண்டாம். ஆபீஸ் ஆட்டோமேஷன் கம்ப்யூட்டர் சர்டிஃபிகேட்டும் கேட்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

23 ஜூன் 2024

முதல் மாதம் நான் உடைத்த பென்சில் முனைகளைக் கணக்கு வைத்திருந்தால் ஒரு ஸ்டேஷனரி கடையே போட்டிருக்கலாம். பில் புத்தகத்தில் கார்பன் வைத்து நாலு காப்பி விழ அழுத்தி எழுதிய கை. பிட்மனுக்கு அந்தக் கை ஆகாது. 1837இல் ஐசக் பிட்மன் போட்ட முறையில் ஒரே கோடு மெலிந்தால் ஒரு எழுத்து, தடித்தால் அதன் ஜோடி. இடமிருந்து வலம் சரியும் கோடு மெல்லியதாக இருந்தால் 'பீ', அழுத்தினால் 'பீ'.

பார்த்தீர்களா, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிட்டது. இதுதான் என் முதல் பிரச்சினை. மாத்திரைக்கும் பில், ரசீதுக்கும் பில். நம் எழுத்து அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதே இல்லை, காது மட்டும் எப்படிக் கண்டுகொள்ளும்? மாஸ்டருக்கு 74 வயது. என் நோட்டைப் பார்த்து, "ஏம்மா, டாக்டர் பில்லைக் கொடுத்தாரா, பில்லைக் கொடுத்தாரா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

உயிரெழுத்து இன்னொரு கூத்து. அவை புள்ளியும் சிறு கோடுமாகப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆனால் வேகத்தில் போட நேரம் இருக்காது, விட்டுவிடுவோம். அதற்குப் பதில் சொல்லை வரிக்கு மேலேயோ, வரி மீதோ, வரியைக் குறுக்கே வெட்டியோ எழுதினால் எந்த உயிர் என்று ஊகிக்கலாம். ஒரு வார்த்தை எங்கே நிற்கிறது என்பதும் அதன் எழுத்துதான். எனக்குக் கோடு போட்ட நோட்டே போன வருஷம்வரை வெறும் கோடாகத்தான் தெரிந்தது.

24 ஜூன் 2024

"ஆன்ட்டி" என்று கூப்பிடுகிறார்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் வாரம் ஆன்ட்டி. ஃபீஸ் ரசீதில் கூட்டல் தப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு அக்கா.

14 ஜூலை 2024

பயிற்சிக்கு என்ன செய்கிறேன் என்றால், கேட்பதையெல்லாம் எழுதுகிறேன். மெட்ரோவில் விம்கோ நகர் பக்கம் போனால் அறிவிப்பு வரும்போது தொடையில் விரலால் 'தி நெக்ஸ்ட் ஸ்டேஷன் இஸ்' போடுகிறேன். எதிர் சீட்டில் இருந்த அம்மா எனக்கு அரிப்பு என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார்.

ராத்திரி வீட்டுக்காரர் பேப்பரின் தலையங்கத்தை வாசித்துக்காட்டுவார். 80 ஸ்பீடு என்றால் 15 விநாடிக்கு 20 வார்த்தை. வாசகத்தில் இருபது இருபதாகக் கோடு போட்டு, செல்போனில் விநாடி ஓடவிட்டு, அந்தக் கோட்டை அந்த விநாடியில் தொட வேண்டும். இவர் ஆட்டோ ஓட்டியவர். சிக்னல் விழுந்த மாதிரி கோட்டுக்குக் கோடு நின்று என்னைப் பார்ப்பார். எனக்கு 80 வரவில்லை என்பதற்கு அவரும் ஒரு காரணம் என்று அவரிடம் சொல்ல முடியாது.

ஞாயிறு விடியற்காலை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனபோது ஏலம் விடுபவர் கூவுவதை எழுதிப் பார்த்தேன். நோட்டில் செதில்தான் ஒட்டியது.

2 ஆகஸ்ட் 2024

ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். எனக்குக் கை மெதுவில்லை. என் பக்கத்து ஸ்டூலில் உட்காரும் கொருக்குப்பேட்டைப் பெண்ணுக்கு 19 வயது, இங்கிலீஷ் எனக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரியாது. அவள் 80 எழுதுகிறாள், நான் 60இல் மூச்சு வாங்குகிறேன். நேற்று டிக்டேஷனில் 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்' வரைக்கும்தான் மாஸ்டர் சொல்லியிருந்தார். நான் 'டேட்டட்' என்று போட்டுவிட்டேன். அவர் அதைச் சொல்லவே இல்லை. 22 வருஷம் அப்படித்தான் கடிதம் வந்தது, அதனால் கை தானாகப் போனது.

அவளுக்கு அர்த்தம் பிடிபடாது, அதனால் சத்தத்தை எழுதுகிறாள். எனக்கு அர்த்தம் முன்னாடியே வந்துவிடுகிறது, அதனால் நான் நினைத்ததை எழுதுகிறேன். வயதானவர்கள் படிக்க வந்தால் விட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். புரிந்துகொள்ளாதீர்கள். கேளுங்கள்.

9 செப்டம்பர் 2024

பரீட்சை முடிந்தது. நான் தேறமாட்டேன். யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். டிக்டேஷன் நடுவில் ஒரு வார்த்தை விட்டது, அதைத் துரத்திக்கொண்டு போனேன், அதற்குள் ஒரு வரி போய்விட்டது. விட்டதை விட்டுவிட்டு வருவதைப் பிடி என்று மாஸ்டர் தினமும் சொல்வார். பஸ் ஸ்டாப்பில்கூட எனக்கு அது வந்ததில்லை.

டைப்பிங் பிள்ளைகளுக்கு மிஷினே மினி லாரியில் பரீட்சை எழுதப் போகிறது. இன்ஸ்டிடியூட்டில் பழகிய அதே ரெமிங்டனை கட்டிலில் பாட்டியைத் தூக்குவது மாதிரி நாலு பேர் இறக்கினார்கள். எனக்குப் பென்சில் மட்டும்தான் என்பதில் அன்று ஒரு நிம்மதி.

29 செப்டம்பர் 2024

ஜூனில் நான் எழுதிய ஒரு பெரிய விஷயம் தப்பு. "ஒன்று விடாமல் எழுதுவது" என்றேனே, அது.

போன வாரம் ஜார்ஜ் டவுன் பக்கம் ஒரு கோர்ட்டில் போய் உட்கார்ந்தேன். திறந்த கோர்ட், யாரும் உட்காரலாம். கூண்டில் ஒரு பழக்கடைக்காரர். வக்கீல் கேட்கிறார், இவர் கையை ஆட்டிப் பெரிய கதையாகச் சொல்கிறார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் சும்மா இருக்கிறார்! நான் பதறிப்போனேன், எழுதும்மா எழுதும்மா என்று. எல்லாம் முடிந்து நீதிபதி அந்தப் பெண் பக்கம் திரும்பி ஒரே வாக்கியம் சொன்னார்: "சம்பவம் நடந்தபோது நான் கடையில் இருந்தேன்." விசை தட்டும் சத்தம் அப்புறம்தான் கேட்டது.

மாஸ்டரிடம் கேட்டேன், சிரித்தார். இங்கே சாட்சியத்தை நீதிபதியின் நேரடி மேற்பார்வையில், அவர் சொல்லச் சொல்லப் பதிவது நடைமுறை. கேள்வி-பதிலாக இல்லாமல் சாட்சியே தொடர்ந்து சொல்கிற மாதிரி கோவையாக எழுதுவதுதான் வழக்கம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அப்படித்தான் சொன்னது, இந்த ஜூலை 1இல் அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸும் அதையே சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட கேள்வியும் பதிலும் அப்படியே வேண்டும் என்று நீதிபதி நினைத்தால் மட்டும் அதைக் கேள்வி-பதிலாகப் போடுவார். பதிந்ததைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

ஆக, அமெரிக்க ரிப்போர்ட்டர் எழுதுவது சாட்சியின் வாயிலிருந்து. நம் ஸ்டெனோ எழுதுவது நீதிபதியின் வாயிலிருந்து. ஒரே பெயரில் இரண்டு வேறு வேலை.

30 செப்டம்பர் 2024

தூக்கம் வரவில்லை. நானே ஒரு தடவை கூண்டில் நின்றிருக்கிறேன் என்பது நேற்று எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. 2011இல் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி எங்கள் வண்டியை இடித்தது. வீட்டுக்காரர் காலில் கம்பி வைத்தது அப்போதுதான், ஆட்டோவும் அதோடு போனது. நஷ்டஈட்டு வழக்கில் நானும் சாட்சி. அன்று நீதிபதி டைப்பிஸ்டிடம் திரும்பித் திரும்பிப் பேசியதை, ஏதோ ஆபீஸ் வேலை நடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

பீரோவைக் குடைந்து சாட்சியத்தின் நகலை எடுத்தேன். முதல் விசாரணை வக்கீல் தயாரித்த பிரமாண வாக்குமூலம், அதை விடுங்கள். குறுக்கு விசாரணை ஒன்றரைப் பக்கம். இன்ஷூரன்ஸ் வக்கீல் என்னிடம், "நீங்க பின்னாடி உட்கார்ந்துனு இருந்தீங்க, லாரி வந்ததே உங்களுக்குத் தெரியாது, சரிதானேம்மா?" என்றார். நான் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது: "இன்னா சார் தெரியாது? ஆரன்கூட அடிக்காத வந்துட்டான் சார், நான் கத்தினேன் சார்." காகிதத்தில் இருப்பது:

"நான் பின்னிருக்கையில் அமர்ந்திருந்ததால் லாரி வந்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னால் சரியல்ல."

அவ்வளவுதான். அந்த ஒன்றரைப் பக்கமும் அப்படியே போகிறது. சொன்னால் சரியல்ல, சொன்னால் சரியல்ல, ஒரு இடத்தில் சொன்னால் சரிதான். வக்கீல் சொன்னது என் வாக்கியமாகியிருக்கிறது, என் பதில் அதன் வாலாக ஒட்டியிருக்கிறது. தப்பு என்று சொல்ல முடியாது. நான் மறுத்தேன், மறுப்பு இருக்கிறது. படித்துக் காட்டினார்கள், தலையாட்டினேன், கையெழுத்தும் என்னுடையதுதான். நான் கத்தியது மட்டும் எங்கேயும் இல்லை.

1 அக்டோபர் 2024

ஒருவர், "நீதிபதி சுருக்காமல் எல்லாவற்றையும் பதிந்தால் வழக்கு எப்போது முடியும்?" என்று கேட்கிறார். நியாயம். பழக்கடைக்காரர் பேசியதில் பாதி அவர் மச்சானைப் பற்றி.

3 நவம்பர் 2024

ஆகஸ்ட் 2ஆம் தேதி எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். கொருக்குப்பேட்டைப் பெண் நேற்று டிக்டேஷனைத் திருப்பி எழுதும்போது 'பிராசிகியூஷன்' வர வேண்டிய இடத்தில் 'பெர்சிகியூஷன்' என்று போட்டாள். அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபித்தது என்பது, கொடுமைத் தரப்பு குற்றத்தை நிரூபித்தது என்றாகிவிட்டது. இரண்டு சொல்லுக்கும் உயிரை எடுத்துவிட்டால் எலும்பு ஒன்றேதான், அதனால் பிட்மனில் கோட்டை வேண்டுமென்றே வேறு மாதிரி வளைக்கச் சொல்வார்கள். வேகத்தில் அவள் வளைக்கவில்லை. நானும் வளைக்கவில்லை. ஆனால் திருப்பி எழுதும்போது நான் சரியாக எழுதினேன், ஏனென்றால் அந்த இடத்தில் வேறு எதுவும் வர முடியாது என்று எனக்குத் தெரியும்.

எழுதும்போது புரியக் கூடாது, படிக்கும்போது புரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிந்தால் நான் பாஸ்.

19 ஜனவரி 2025

"ஏ.ஐ. வந்தாச்சு, இன்னும் பென்சில் சீவிக்கொண்டிருக்கிறீர்களே" என்று மூன்று பேர் தனித்தனியாக எழுதிவிட்டார்கள். தெரியும். உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரி 21இலிருந்தே அரசியல் சாசன அமர்வு வாதங்களை மிஷினை வைத்து எழுத்தாக்கிப் பார்க்கிறது. செல்போனில் பேசினால் எழுதும் வசதியை எங்கள் மாமியார் முன்னால் வைத்தேன். "இன்னாத்துக்கு என் மூஞ்சாண்ட காட்ற?" என்று அவர் கேட்டதில் 'மூஞ்சி' மட்டும் தேறியது. நிம்மதியாகத் தூங்கினேன்.

20 ஜனவரி 2025

நிம்மதி போய்விட்டது. மாமியார் பேச்சு மிஷினுக்குப் புரியாவிட்டால் என்ன? கோர்ட்டில் மாமியார் பேச்சு பதிவாவதே இல்லையே. நீதிபதி அதை நிறுத்தி நிதானமாக நல்ல தமிழில் சொல்கிறார். அது மிஷினுக்கு அல்வா. என் வாதத்தை நானே கவிழ்த்துக்கொண்டேன்.

18 மே 2025

ஜூனியர் பாஸ். பிப்ரவரியில் எழுதியது. மாஸ்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கீழே ஜவுளிக்கடையில் போய், "மேல ஒரு அம்மா பாஸ் பண்ணிடுச்சு" என்று சொல்லியிருக்கிறார். இறங்கும்போது கடைப்பையன் கைகொடுத்தான்.

13 ஜூலை 2025

நேற்று குரூப் 4 எழுதினேன். 200 கேள்வி, மூன்று மணி நேரம், நூறு கேள்வி தமிழிலிருந்தே. என் ஹாலில் எனக்கு நேர் பின்னால் என் மகன் வயசுப் பையன். கண்காணிப்பாளர் என்னைப் பார்த்து, "பேரன்ட்ஸ் வெளியே இருங்க" என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை, பின்னால் பையன்தான் சிரித்தான்.

வராது. கணக்கில் விட்டுவிட்டேன்.

5 அக்டோபர் 2025

அரசு வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீசில் சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை வேலை கிடைத்திருக்கிறது. 22 வருஷம் நடந்த தெருவுக்கு அடுத்த தெரு, அதே டீக்கடை. சீனியருக்கு அறுபது வயதுக்கு மேல். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் அவருக்கு வாதம் வராது, நடந்தால்தான் வரும். சுண்டல் மென்றுகொண்டே ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடப்பார். 'இட் இஸ் ரெஸ்பெக்ட்ஃபுல்லி சப்மிட்டட் தட்' என்று பாராவுக்குப் பாரா தொடங்குவார். அது ஐந்து வார்த்தை, நான் கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டுவிடுவேன். அந்த இடைவெளியில் அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று ஊகிக்காமல் இருப்பதுதான் கஷ்டம். முதல் வாரம் 'ஹம்ப்ளி' என்று நானாகச் சேர்த்துவிட்டேன். "நான் எப்போம்மா ஹம்ப்ளா சொன்னேன்?" என்றார்.

சம்பளம் கேட்கிறீர்கள். ஷிப்பிங் பில் சம்பளத்தைவிடக் குறைவு. டீ இரண்டு வேளை.

9 நவம்பர் 2025

கேரளத்தில் இந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியத்தை மிஷின் வைத்துப் பதியச் சொல்லியிருக்கிறார்கள். அனுப்பிய ஏழு பேருக்கும் நன்றி, ஒருவர் போதும்.

சீனியரிடம் சொன்னேன். "சுண்டல் சாப்பிட்டுக்கிட்டே சொன்னா அது எழுதுமா?" என்று கேட்டார். எழுதும் சார் என்றேன். கொஞ்ச நேரம் நடக்கவில்லை.

23 நவம்பர் 2025

தமிழ் ஷார்ட்ஹேண்ட் தொடங்கியிருக்கிறேன். கீழ்க்கோர்ட் சாட்சியமெல்லாம் தமிழில்தானே. இதிலும் கோடுகளின் பூர்வீகம் பிட்மன்தான், ஆனால் என் காதுக்குப் பழக்கமான சத்தம் என்பதால் பில்லும் பில்லும் சண்டை போடுவதில்லை.

மாஸ்டரிடம் முதல் நாளே கேட்டேன்: 'என்று சொன்னால் சரியல்ல' என்பதை எப்படி சார் போடுவது? அவர் யோசிக்கவே இல்லை. என் பென்சிலை வாங்கி மூன்று சொல்லையும் ஒரே கோர்வையாக இழுத்தார், மீன் முள் அளவுக்கு ஒன்று. இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை போட்டிருப்பீர்கள் என்றேன். யாருக்குத் தெரியும் என்றார்.

கீழே வரியை விட்டு நான் 'கத்தினேன்' எழுதினேன். அதற்குச் சுருக்கம் எதுவும் இல்லை, முழுசாகத்தான் எழுத வேண்டியிருந்தது. மாஸ்டர் பார்த்து, வரி மேல ஏறிடுச்சு, கொஞ்சம் இறக்கு என்றார்.

30 நவம்பர் 2025

ஆரம்பத்தில் கேள்வி கேட்ட பெரம்பூர்க்காரர் ஒன்றரை வருஷம் கழித்துத் தலைகாட்டியிருக்கிறார். சேர்ந்துவிட்டாராம், நாளைக்கு முதல் வகுப்பு. பேனாவா பென்சிலா என்று கேட்கிறார்.

பென்சில். இரண்டு பக்கமும் சீவி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் உடைந்தால் திருப்பிப் பிடிக்கலாம். அழுத்தாதீர்கள்.